ஆராய்ச்சிக்கு மட்டும்

கொட்டாஞ்சேனையில் முப்பத்தோர் ஆண்டுகள் விஞ்ஞானம் கற்பித்தவன் நான். 2019 இல் ஓய்வு பெற்று, இப்போது வெள்ளவத்தையில் மகளோடு வாழ்கிறேன். என் வகுப்பறையில் நான் கையாண்ட கருவிகள் மிகச் சில: ஒரு நுணுக்குக்காட்டி, சில சோதனைக் குழாய்கள், ஒரு மதுசார விளக்கு, கரும்பலகை. உயிரைப் பற்றிப் பிள்ளைகள் அறிய வேண்டியதையெல்லாம் இவற்றைக் கொண்டே சொல்லிவிடலாம் என்று நெடுங்காலம் நம்பியிருந்தேன். அந்த நம்பிக்கை எவ்வாறு குலைந்தது என்பதையும், அதன் இடத்தில் வேறு எது வந்தது என்பதையும் இங்கே எழுத விரும்புகிறேன்.

2022 ஆம் ஆண்டின் நடுப்பகுதி. பெற்றோலுக்கு நின்ற வாகன வரிசைகள் காலி வீதியில் நீண்டு கிடந்த நாட்கள். கொழும்பிலுள்ள ஓர் ஆய்வுகூடத்தில் வேலை செய்யும் என் பழைய மாணவன் ஒருவன் என்னைத் தன் வேலைத்தலத்துக்கு அழைத்திருந்தான். பஸ் கிடைக்காமல் நடந்தே போய்ச் சேர்ந்தேன். அவன் ஒரு குளிர்ப்பெட்டியைத் திறந்து, சுண்டுவிரல் நுனியளவே உள்ள ஒரு பிளாஸ்டிக் குப்பியை எடுத்து என் கையில் வைத்தான். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தேன். அடியிலே தெளிந்த நீர் இரண்டு துளி இருந்தது. வேறொன்றும் தெரியவில்லை.

"என்ன தம்பி இது?"

"மனுசருடைய புரதம், சேர். வெல்லத்தைப் பிடிக்கிற புரதம். ஐம்பது மைக்கிரோகிராம். கெட்டுப் போச்சு."

ஐம்பது மைக்கிரோகிராம் என்பது ஏறக்குறைய ஓர் உப்புப் பரலின் எடை. அதன் விலையைச் சொன்னான். என் ஓய்வூதியத்தில் இரண்டு மாதப் பணத்தைக் காட்டிலும் அதிகம். அதற்கான கட்டளையை அனுப்பிய வேளையில் டொலர் ஒன்றுக்கு ஏறத்தாழ 200 ரூபாய். 2022 மார்ச்சில் ரூபாய் சரியத் தொடங்கியது. ஏப்ரல் 12 ஆம் திகதி, வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்தி வைப்பதாக நாடு அறிவித்தது. மே மாதத்தில் டொலர் 360 ரூபாயைத் தொட்டது. பணம் அனுப்புவதில் தாமதம், கடிதங்களில் தாமதம், ஒரு களஞ்சியத்தில் பொதி கிடந்த தாமதம். இறுதியில் அது வந்து சேர்ந்தபோது பெட்டியிலிருந்த உலர்பனிக்கட்டி முழுவதும் மறைந்து, உள்ளிருந்தது நம்முடைய வெயிலின் சூட்டுக்கு வந்திருந்தது. உரிய வடிவத்தை இழந்த புரதத்தால் ஆய்வாளனுக்கு எந்தப் பயனும் இல்லை.

குப்பியின் மேல் ஒட்டியிருந்த சிறு தாளை வாசித்தேன். அது மனிதப் புரதம் என்றும், மீள்சேர்ப்பு முறையில் ஆக்கப்பட்டது என்றும் எழுதியிருந்தது. அதன் கீழே இரண்டு வரிகள்: ஆராய்ச்சிக்கு மட்டும், மனிதருக்குப் பயன்படுத்தலாகாது.

மனிதருடைய பொருள், மனிதருக்கு ஆகாது! நான் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. "இது டெங்கு வேலைக்காக வாங்கினது, சேர்" என்றான். அதற்குப் பிறகு எனக்கும் சிரிப்பு வரவில்லை. எங்கள் இருவருக்கும் இடையே அந்தச் சொல் எதைக் குறித்தது என்று சொல்வதற்கு, ஐந்து ஆண்டுகள் பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

2017 ஏப்ரல் 14, புத்தாண்டுத் தினம். அன்று மீதொட்டமுல்லையில் மலைபோல் குவிந்திருந்த கொழும்பு நகரின் குப்பை சரிந்து குடிசைகளின் மேல் விழுந்தது. முப்பதுக்கும் மேற்பட்ட ஏழை மக்கள் உயிரோடு புதையுண்டனர். அதன் பின்னர் நகரத்தின் குப்பையை எங்கே கொட்டுவது என்று அதிகாரிகள் தடுமாற, தெருக்களில் அது நாட்கணக்கில் தேங்கியது. அதன் மேல் தென்மேற்குப் பருவமழை பெய்தது. அந்த ஆண்டு இலங்கையில் டெங்கு என்று பதிவான நோயாளர் 186,101 பேர். மாண்டவர் 440 பேர். அதற்கு முன் இந்நாடு அப்படி ஒரு டெங்கு ஆண்டைக் கண்டதில்லை.

அந்த 440 பேரில் ஒருத்தி என் மாணவி. ஒன்பதாம் வகுப்பு, இரண்டாவது வாங்கில் இருப்பாள். ஜம்பட்டா வீதிக்குப் பின்னால் ஒரு தோட்டத்தில் அவர்கள் வீடு. தோட்டம் என்றதும் மரஞ்செடி நிறைந்த இடம் என்று வெளியூர் வாசகர் எண்ணிவிடக் கூடாது. ஒற்றை ஒழுங்கையின் இருபுறமும் சுவரோடு சுவர் ஒட்டிய அறைகள், எல்லோருக்கும் பொதுவான ஒரு குழாய், குழாயில் நீர் வராத வேளைக்கென்று ஒவ்வொரு வாசலிலும் ஒரு பீப்பாய்: இதுவே கொழும்பிலே தோட்டம். ஆயினும் அந்தத் தாய் தன் பீப்பாயை மூடியே வைத்திருந்தாள். வாசலைக் கூட்டிக் கழுவியே வைத்திருந்தாள். டெங்கு நுளம்பு பகலிலே கடிக்கும். அது பிறந்த பாத்திரம் யாருடையது என்பதைக் கடிபட்டவரால் அறிய முடியாது.

சிறுமிக்கு நான்கு நாள் கடுங்காய்ச்சல். ஐந்தாம் நாள், வெள்ளிக்கிழமை மாலை, தாயை வீதியிலே கண்டேன். அவள் முகத்தில் தெளிவு இருந்தது. "காய்ச்சல் விட்டிருச்சு சேர்" என்றாள். "நல்லது அம்மா, திங்கட்கிழமை பள்ளிக்கு அனுப்புங்கோ" என்றேன்.

ஞாயிறு அதிகாலையில் அந்தப் பிள்ளை ஆஸ்பத்திரியில் இறந்துவிட்டாள்.

டெங்குவின் அபாயம் காய்ச்சல் கொதிக்கும்போது அல்ல, அது தணியும்போதே தொடங்குகிறது. மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில், உடல் குளிர்ந்து, வீட்டார் நிம்மதிப் பெருமூச்சு விடும் அதே வேளையில், சிலரின் நுண்ணிய இரத்தக் குழாய்களிலிருந்து குருதியின் நீர்ப்பகுதி வெளியே கசியத் தொடங்கும். வயிற்று நோவு, ஓயாத வாந்தி, அயர்ச்சி, இரத்தக் கசிவு, கைகால் சில்லிடுதல்: இவையே அதன் அடையாளங்கள். அந்த ஓரிரு நாள்களில் ஆஸ்பத்திரியில் நாழிகைக்கு நாழிகை கவனித்து, அளவறிந்து நீர் ஏற்றினால் பெரும்பாலோர் பிழைத்துக்கொள்வர். இதை நான் சிறுமி இறந்த பின்பே வாசித்து அறிந்தேன். முப்பது ஆண்டுகளாக விஞ்ஞானம் கற்பித்தவன், நுளம்பின் வாழ்க்கை வட்டத்தைக் கண்ணை மூடிக்கொண்டு கரும்பலகையில் வரையக் கூடியவன், ஒரு தாயின் முகத்துக்கு நேரே நின்று, "நல்லது அம்மா" என்று சொல்லியிருக்கிறேன்.

செத்த வீட்டுக்கு இந்த மாணவனும் வந்திருந்தான். அப்போது அவன் பல்கலைக்கழகத்தில் இறுதியாண்டு. அவனும் அதே தோட்டத்தில் வளர்ந்தவன். மூலக்கூற்று உயிரியல் படிக்கப் போவதாக அவன் சொல்ல, எனக்குக் கோபம் பொங்கியது. "அதைப் படித்து என்ன செய்யப் போகிறாய்? இந்த வடிகானைத் துப்புரவாக்க மூலக்கூறு எதற்கு? இது குப்பையால் வந்த நோய். வீடில்லாத கொடுமையால் வந்த நோய். இதற்கு மருந்து ஆய்வுகூடத்தில் இல்லை" என்று பலர் கேட்கச் சொன்னேன். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

அந்தக் கோபத்துக்கு ஒரு பரம்பரை உண்டு. என் தகப்பனார் வெள்ளவத்தை நெசவாலையில் தொழிலாளியாக இருந்தவர். 1933 இன் வேலைநிறுத்தத்தைப் பற்றியும், அடுத்து 1934, 35 இல் வந்த மலேரியாக் கொள்ளை நோயைப் பற்றியும் சொல்லிச் சொல்லியே எங்களை வளர்த்தார். அந்தக் கொள்ளை நோயில் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டனர். வரட்சியும் பட்டினியும் வாட்டிய கிராமங்களில் நுளம்பு தன் வேலையை இலகுவாகச் செய்தது. சூரியமல் இயக்கத்து இளைஞர்கள் மருந்தோடு பருப்பையும் சுமந்துகொண்டு அக்கிராமங்களுக்குச் சென்றார்கள். பசித்த உடலைத்தான் நோய் முதலில் வீழ்த்தும் என்பதை அவர்கள் உணர்ந்திருந்தார்கள். பின்னர், பொதுச் சுகாதார ஊழியர்களின் பல்லாண்டு உழைப்பினால், 2016 செப்டெம்பரில் உலகச் சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடென்று அறிவித்தது. இவையெல்லாம் என் கட்சிக்குச் சான்றுகள் என்றே எண்ணியிருந்தேன். மலேரியாவின் கிருமியை நுணுக்குக்காட்டியில் பார்த்து அறிந்தவர்கள் இல்லாமல், குருதித் துளியைத் தேய்த்துப் பரிசோதிக்கக் கிராமந்தோறும் அலைந்தவர்கள் இல்லாமல், அந்த வெற்றி வந்திருக்காது என்பதை நான் எண்ணிப் பார்க்கவில்லை.

அன்று தலை குனிந்தவனே ஐந்தாண்டுகளின் பின் அந்தக் குப்பியைக் காட்டி எனக்குப் பாடம் சொன்னான். அவன் சொன்னதை என் மொழியில் இங்கே தருகிறேன்.

நம் உடம்பின் கலங்கள் ஒவ்வொன்றும் வெல்ல மூலக்கூறுகளாலான ஒரு மயிர்ப்போர்வையைப் போர்த்திருக்கின்றன. வெல்லம் என்றால் தேநீரில் இடும் சீனி மட்டும் அன்று. குளுக்கோசு, மன்னோசு, கலற்றோசு என்று பலவகை வெல்லங்கள் கிளைகிளையாகக் கோக்கப்பட்டு, புரதங்களின் மேல் சிறு மரங்களைப்போல் நிற்கின்றன. அந்த மரங்களைத் தொட்டு, "இது இன்னது" என்று அடையாளங்கண்டு பற்றிக்கொள்ளும் புரதங்களும் உண்டு. அவற்றுக்கு லெக்டின் என்று பெயர். 'தெரிந்தெடுத்தல்' என்ற பொருளுடைய இலத்தீன் சொல்லிலிருந்து 1954 இல் வில்லியம் பொயிட் என்ற அமெரிக்க ஆய்வாளர் அப்பெயரை அமைத்தார்.

நமது தோலின் உட்படையில் கிளைவிட்ட வடிவமுள்ள காவற்கலங்கள் இருக்கின்றன. அந்நியமான எதையும் பற்றி உள்ளிழுத்து, நிணநீர்க் கணுவுக்குக் கொண்டுபோய், "இதோ பகைவன்" என்று பிற கலங்களுக்குக் காட்டுவது அவற்றின் தொழில். அவை பற்றுவதற்குப் பயன்படுத்தும் கைகளுள் ஒன்றே அந்தக் குப்பியில் இருந்த புரதம். டி.சி. சைன் என்பது அதன் சுருக்கப் பெயர். 404 அமினோ அமிலங்களாலான சங்கிலி அது. நான்கு நான்காகச் சேர்ந்து ஒரு கொத்தாக நிற்கும். ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு கல்சிய அயன் இருந்து, மன்னோசு நிறைந்த வெல்லக் கிளையைப் பிடித்துக்கொள்ள உதவும். கல்சியம் இல்லையேல் பிடியும் இல்லை. இதன் மரபணுச் செய்தி முதன்முதலில் 1992 இல் மனித நஞ்சுக்கொடியிலிருந்து படித்தறியப்பட்டது. 2000 இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் இது காவற்கலங்களில் ஆற்றும் தொழிலைக் கண்டு, இப்பெயரை இட்டார்கள்.

இனி, டெங்கு வைரசுக்கு வருவோம். அது ஏறத்தாழ 50 நனோமீற்றர் குறுக்களவுள்ள ஓர் உருண்டை. அதன் மேற்புறத்தில் ஒரே வகைப் புரதம் 180 பிரதிகளாக ஓடு வேய்ந்தாற்போல் அடுக்கப்பட்டிருக்கிறது. நுளம்பின் உடலிலே உருவாகி வரும் வைரசு, நுளம்பின் கலங்கள் ஆக்கித் தந்த மன்னோசு மிகுந்த வெல்லக் கிளைகளை அந்த ஓடுகளில் அணிந்து வருகிறது. காவற்கலத்தின் கை அதை அந்நியம் என்று கண்டு பற்றுகிறது. தன் தொழிலைச் செவ்வனே செய்கிறது. ஆனால் உள்ளிழுக்கப்பட்ட வைரசு அழிந்துபோவதற்குப் பதிலாக அந்தக் கலத்துக்குள்ளேயே பெருகத் தொடங்குகிறது. பகைவனைப் பிடித்த காவற்காரனின் வீடே பகைவனின் பாசறை ஆகிறது. இதனை 2003 இல் வெவ்வேறு ஆய்வுக் குழுக்கள் நிறுவின. 2006 இல் அமெரிக்காவின் பேர்டியூ பல்கலைக்கழகத்தினர், வைரசும் இந்தப் புரதமும் ஒன்றையொன்று பற்றியிருக்கும் நிலையைக் கடுங்குளிரில் உறையவைத்து, இலத்திரன் நுணுக்குக்காட்டியால் படம் பிடித்தனர். அதற்குமுன், 2005 இல், தாய்லாந்து நோயாளரிடம் நடந்த ஓர் ஆய்வு இந்தப் புரதத்தின் மரபணுவுக்கு முன்னுள்ள கட்டுப்பாட்டுப் பகுதியில் ஓர் எழுத்து மாறியிருப்பதற்கும் நோயின் கடுமைக்கும் தொடர்பு உண்டென்று காட்டியது.

வைரசு நுழையும் வாயில் இது ஒன்றே அன்று. வேறு வாயில்களும் உண்டு. ஆயினும் இந்த ஒரு வாயிலையாவது நன்கு அறிந்தால், அதை அடைக்கக்கூடிய பொருளைத் தேடலாம். அதற்கு அந்தப் புரதம் தூயதாக வேண்டும். ஒரு பிளாஸ்டிக் தட்டின் குழிகளில் புரதத்தைப் படியவைத்து, வைரசின் புரதத்தை அதன்மேல் ஊற்றி, எவ்வளவு ஒட்டுகிறது என்று அளப்பார்கள். பின்பு ஒட்டவிடாமல் தடுக்கக்கூடிய பொருள்களை ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்ப்பார்கள். அந்த இரண்டு துளி நீர் இந்த வேலைக்காகவே வாங்கப்பட்டது.

"சேர், கான் துப்புரவாக்க வேணும்தான். நான் இல்லையென்டு சொல்லயில்ல. ஆனா அந்தப் பிள்ளைட வாசல் துப்புரவாத்தானே இருந்தது" என்றான்.

ஐந்தாண்டுகளாக அவன் உள்ளத்தில் வைத்திருந்த பதில் அதுதான் போலும். நான் பேசாதிருந்தேன்.

வீடு திரும்பும்போது வெள்ளவத்தைக் கடற்கரையில், ரயில் பாதை ஓரமாகச் சற்று அமர்ந்தேன். கச்சான் விற்கும் கிழவரிடம் ஒரு சுருள் வாங்கினேன். சற்று முன்புதான் அந்த இளைஞன் கச்சானைப் பற்றியும் சொல்லியிருந்தான். மனித லெக்டின்களை அறிவதற்கு முன்பே உலகம் விதைகளின் லெக்டின்களை அறிந்திருந்தது. 1888 இல் எஸ்தோனியாவின் டோர்பாட் பல்கலைக்கழக மாணவர் ஸ்டில்மார்க், ஆமணக்கு விதையின் சாறு செங்குருதிக் கலங்களை ஒன்றோடொன்று ஒட்டச் செய்வதைக் கண்டார். 1951 இல் பூனாவில் பணியாற்றிய ஜி.டபிள்யூ.ஜி. பேர்ட் என்ற மருத்துவர், நாம் குதிரைக்கு இடும் கொள்ளின் சாறு 'ஏ' வகைக் குருதியைத் தெரிந்தெடுத்து ஒட்டச் செய்கிறது என்று எழுதினார். இன்றளவும் குருதி வங்கிகளில் 'ஏ' வகையின் உட்பிரிவுகளைப் பிரித்தறியக் கொள்ளின் லெக்டின் உதவுகிறது. 1964 இல் அவரே கச்சானிலும் ஒரு லெக்டினைக் கண்டு எழுதினார். அதன் அணுவமைப்பை 1994 இலும், பலாக்கொட்டை லெக்டினின் அணுவமைப்பை 1996 இலும், பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் எம். விஜயனின் குழுவினர் வெளியிட்டனர். அந்த விஜயன் இளமையில் ஒக்ஸ்போர்ட்டில் டொரொதி ஹொட்ஜ்கினிடம் பயின்று, 1969 இல் இன்சுலினின் அமைப்பைக் கண்ட குழுவில் ஒருவராக இருந்தவர். ஹொட்ஜ்கின் நோபல் பரிசு பெற்றவர் என்பதோடு, அணுவாயுதங்களுக்கு எதிராகக் குரல் கொடுத்த சமாதான இயக்கத்தவரும் ஆவார்.

நம் வீட்டு அடுப்படியில் கிடக்கும் கொள்ளும் கச்சானும் பலாக்கொட்டையும் இவ்வாறு உலக விஞ்ஞானத்தின் கருவிகளாயின. அவற்றை எடுத்துப் பார்க்கத் துணிந்த கைகளும் நம் பக்கத்து நாட்டிலேயே இருந்தன. பலாக்கொட்டையை ஒரு வாழ்நாள் முழுவதும் சுட்டுத் தின்றவன் நான்; அதற்குள் அப்படி ஒன்று இருப்பதாக எந்த வகுப்பிலும் சொன்னதில்லை. ஏழை நாட்டுக்கு நுண்ணிய விஞ்ஞானம் ஆடம்பரம் என்ற என் பழைய எண்ணம் அந்தக் கடற்கரையில்தான் ஆட்டங்கண்டது. வடிகான் ஏழைக்கு, மூலக்கூறு செல்வந்தனுக்கு என்று பங்கு பிரித்தவன் யார்? முற்போக்காளன் என்று சொல்லிக்கொண்ட நானே அந்தப் பங்குப் பத்திரத்தில் கையெழுத்திட்டிருந்தேன்.

கெட்டுப்போன குப்பிக்குப் பதிலாக இன்னொன்று வாங்க ஆய்வுகூடத்தில் பணம் இல்லை. ஆகவே அதைத் தாங்களே ஆக்கிப் பார்ப்பதென்று அவர்கள் தீர்மானித்தார்கள். தமிழ், சிங்கள, முஸ்லிம் இளைஞர்கள் நால்வர். இதில் மந்திரம் ஒன்றும் இல்லை. ஓர் உயிரின் மரபணுத் துண்டைப் பற்றீரியாவுக்குள் புகுத்திப் பெருக்கும் வழியை 1973 இல் கோஹனும் பொயரும் காட்டினார்கள். 1978 இல் அவ்வழியாலேயே மனித இன்சுலின் ஆக்கப்பட்டு, 1982 இல் மருந்தாக மக்களுக்கு வந்தது. நம் அயல்வீட்டு நீரிழிவுக்காரர் நாள்தோறும் ஏற்றிக்கொள்வதும் இத்தகைய மீள்சேர்ப்புப் புரதமே. டி.சி. சைனைப் பற்றீரியாவில் ஆக்கும் முறையும் ஆய்விதழ்களில் பகிரங்கமாக வெளிவந்திருக்கிறது. ஆய்வாளர்கள் தங்கள் மரபணுத் துண்டுகளை வைப்புச் செய்து, சிறு கட்டணத்துக்குப் பிறரோடு பகிர்ந்துகொள்ளும் இலாப நோக்கற்ற களஞ்சியங்களும் இருக்கின்றன.

ஆயினும் வேலை இலகுவானதன்று. பற்றீரியா அந்தப் புரதத்தை ஒழுங்காக மடிக்கத் தெரியாமல் கட்டியாகக் குவித்து வைத்துவிடும். அந்தக் கட்டியை வலிய இரசாயனத்தால் கரைத்து, சங்கிலியை முழுவதும் அவிழ்த்து, பின்பு அந்த இரசாயனத்தை மெல்ல மெல்ல நீக்கி, கல்சியத்தின் துணையோடு அது தானாகத் தன் வடிவத்தில் மடியும்படி விட வேண்டும். முதல் முறை எல்லாம் வெண்சேறாகப் படிந்துவிட்டது. இரண்டாம் முறை நீரின் வெப்பநிலை தவறியது. நள்ளிரவில் மின்சாரம் போன ஒரு நாளில் மூன்றாம் முயற்சியும் பாழாயிற்று. நான்காம் முயற்சியின்போது, 2023 இல், என்னையும் வரச் சொன்னான்.

ஒரு கண்ணாடிக் குழாய். அதனுள் மன்னோசு இணைக்கப்பட்ட வெண்மணிகள் நிரப்பப்பட்டிருந்தன. மேலிருந்து கல்சியம் கலந்த புரதக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டார்கள். ஒழுங்காக மடிந்த புரதம் மட்டும் மன்னோசைப் பற்றிக்கொண்டு மணிகளிலே தங்கிவிடும். மற்றவை கழுவுண்டு போய்விடும். பிறகு கல்சியத்தைக் கவர்ந்தெடுக்கும் ஒரு கரைசலை விட்டார்கள். கல்சியம் போனதும் கை நெகிழ்ந்து, புரதம் வெளியே வர வேண்டும். வருகிறதா என்று அறிய, வடிந்த நீரைச் சிறு சிறு குழாய்களில் ஏந்தி அளந்தார்கள். மூன்றாம் குழாயிலும் நான்காம் குழாயிலும் அளவு உயர்ந்தது. சிங்களப் பெண் ஒருத்தி கையைத் தட்டிவிட்டு, உடனே வாயைப் பொத்திக்கொண்டாள். அந்தக் குழாய்களில் இருந்தது, அவர்கள் விலைக்கு வாங்கியதைப் போல் பல மடங்கு. மாணவன் ஒரு தாளில் தமிழிலே திகதியை எழுதி ஒட்டினான். அதன் கீழே, "ஆராய்ச்சிக்கு மட்டும்" என்றும் எழுதினான்.

அந்த வாசகத்தில் குற்றமில்லை என்பதை இப்போது உணர்கிறேன். அது மருந்தன்று. மருந்தாகச் சோதிக்கப்படாத எதையும் மனித உடலில் ஏற்றலாகாது. ஏழைகளின் உடல்களைச் சோதனைக் களமாக்கிய கொடுமைகளை அறிந்த எவரும் அந்த எச்சரிக்கையை மதிப்பர். நான் குறை சொல்வது வேறொன்றை. ஆராய்ச்சி என்பது யாருக்கு மட்டும்? டெங்கு பரவும் நகரங்களில் நோயை ஏந்துவது எங்கள் பங்கு, அதை ஆராய்வது பிறர் பங்கு, ஆராய்ந்து ஆக்கியதை உப்புப் பரல் கணக்கில் டொலருக்கு வாங்குவது மீண்டும் எங்கள் பங்கு என்றால், அந்த ஏற்பாடு நியாயமானதா? குப்பியில் உள்ள உழைப்புக்கு விலை உண்டு. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அதன் மூலப் பிரதி விற்பனைப் பொருளன்று. கொட்டாஞ்சேனைத் தோட்டத்துப் பிள்ளையின் தோலிலும், கண்டியில் ஒரு சிங்களப் பிள்ளையின் தோலிலும், ஒல்லாந்தப் பேராசிரியரின் தோலிலும் அது பணம் கேளாமல் காவல் நிற்கிறது. அதை வாசித்து அறியும் கல்வியும், ஆக்கிப் பார்க்கும் கூடமும் மட்டுமே ஓரிடத்தில் நிறைந்தும் ஓரிடத்தில் வரண்டும் கிடக்கின்றன. அவை மனிதர் செய்த ஏற்பாடுகள். மனிதரால் மாற்றக் கூடியவை.

அந்த நான்கு குழாய்களால் டெங்கு ஒழிந்துவிடவில்லை. அவர்களது ஆய்வு நீண்ட பாதையில் ஒரு சிறு அடி. பல அடிகள் வீணாகவும் போகலாம். வடிகான்களும் தேங்கியே கிடக்கின்றன. வெள்ளவத்தையில் மாடிமேல் மாடியாக எழும் கட்டடங்களின் தளங்களிலும் மின்தூக்கிக் குழிகளிலும் மழைநீர் நிற்கிறது. அவற்றுக்காகக் குரலெழுப்புவதை நான் விட்டுவிடவில்லை, விடப்போவதுமில்லை. ஆனால் இப்போது அதே மூச்சில் ஆய்வுகூடத்துக்கும் கேட்கிறேன்.

ஓய்வு பெற்றவனுக்கு ஒரு வேலை மீதியிருந்தது. அந்த மாணவனும் நானும் சேர்ந்து, டெங்குவின் அபாயக் குறிகளைத் தமிழிலும் சிங்களத்திலும் பெரிய எழுத்தில் எழுதினோம். "காய்ச்சல் விட்ட நாளே கவனிக்க வேண்டிய நாள்" என்பது முதல் வரி. ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தத் தோட்டத்துக்குச் சென்று, பொதுக் குழாய்க்கு மேலே சுவரில் அதை ஒட்டினோம். தண்ணீருக்கு வந்த பெண்கள் குடத்தை வைத்துவிட்டு வாசித்தார்கள். அவர்களுள் அந்தத் தாயும் இருந்தாள். மெல்ல, எழுத்துக் கூட்டி, கடைசி வரிவரை வாசித்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"இது அப்பவே தெரிஞ்ச விசயமா சேர்?"

ஆறு ஆண்டுகளாக நான் அஞ்சியிருந்த கேள்வி அது. "தெரிந்த விசயந்தான் அம்மா. எனக்குத் தெரியவில்லை" என்றேன்.

அவள் ஒன்றும் சொல்லவில்லை. குடம் நிரம்பி வழிந்தது. குழாயை மூடிவிட்டு, தாளின் ஒரு மூலை ஒட்டாமல் காற்றில் ஆடுவதைக் கண்டு, ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, அதை அழுத்தி ஒட்டிவிட்டுப் போனாள்.

ஆசிரிய நண்பர்களே, மாணவர்களே, அந்தப் பெண்ணின் கேள்விக்கு என்னைப்போல் நீங்களும் ஒரு நாள் பதில் சொல்ல நேரக் கூடாது என்பதற்காகவே இதை எழுதினேன்.